வியாதியஸ்தர் வீட்டுக்குப் போன கூடை

நோயாளியைப் பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொள்கிறோம். கொஞ்சம் நெருங்கிய உறவென்றால் ஒரு ஹார்லிக்ஸ் புட்டி. கொண்டுபோகிறவருக்கும் தெரியும், வாங்கி வைக்கிறவருக்கும் தெரியும், அதில் பாதி நோயாளியின் வாய்க்கு எட்டப்போவதில்லை என்று. செய்தி பரவிய முதல் இரண்டு நாள் வீட்டில் பழம் குவிந்து கிடக்கும். பத்தாம் நாள் எட்டிப் பார்க்க ஆளிருக்காது. நோயாளி மட்டும் அப்படியே படுத்திருப்பார். இதை நான் குற்றமாகச் சொல்ல வரவில்லை. மனித மனசு இளகுகிற விதமே அப்படி. எல்லாருக்கும் ஒரே நாளில் இளகும். ஒரே நாளில் மறந்தும் போகும்.

இந்தச் சங்கடத்தை ஒரு பாதிரியார் 1617-ம் வருஷத்தில், பிரான்சு தேசத்துச் சிற்றூர் ஒன்றில், கண்ணால் கண்டார். கண்டதோடு விடாமல் உட்கார்ந்து யோசித்து, அதற்கு ஒரு வழியையும் காகிதத்தில் எழுதி வைத்தார். நான் கல்லூரியில் படித்த ஐரோப்பிய சரித்திரத்தில் பதின்மூன்றாம் லூயி ராஜா வந்தார். ரிஷ்லியூ மந்திரி வந்தார். அவர்கள் முற்றுகையிட்ட கோட்டைகளின் பெயர்களை நெட்டுருப் போட்டு எழுதி மார்க்கும் வாங்கினோம். அதே காலத்தில், அதே தேசத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஏழைக்கு எடுத்துப் போக வேண்டிய சாமான்கள் இன்னின்ன என்று, கரண்டி உட்பட, ஒருவர் ஜாபிதா போட்டார் என்பதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. பிற்பாடு நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட சமாசாரம் இது.

அந்த ஜாபிதாவுக்கு வருவதற்கு முன்னால், இன்னும் சில நூற்றாண்டுகள் பின்னே போய்விட்டு வர வேண்டியிருக்கிறது. வியாதியஸ்தர் வீட்டுக்குக் கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவது கிறிஸ்தவர்களிடையே வெகு பழைய வழக்கம். ரோமாபுரியில் இருந்த ஜஸ்டின் என்ற தத்துவ ஆசிரியர், தம் மதத்தாரைப் பற்றிய அவதூறுகளுக்குப் பதில் சொல்லி, சுமார் கி.பி. 155-ல் சக்கரவர்த்திக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தாங்கள் செய்வது என்ன என்று அதில் விவரிக்கிறார். நன்றி கூறி மந்திரித்த அப்பத்தை எல்லாரும் பகிர்ந்து உண்ட பிறகு, கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்கும் ஒரு பங்கை உதவிக் குருமார் எடுத்துச் செல்வார்கள் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார். போகிற போக்கில் எழுதியிருப்பதாலேயே, அது அப்போதே பழகிப்போன வழக்கம் என்று தெரிகிறது.

சாகும் தறுவாயில் உள்ளவருக்கு இப்படிக் கொண்டுபோய்க் கொடுக்கும் அப்பத்துக்கு லத்தீன் பாஷையில் 'வியாத்திக்கும்' என்று பெயர். வழிப்பயணத்துக்கு வேண்டியது என்று அர்த்தம். ரோமாபுரிக்காரன் தூர தேசத்துக்குப் புறப்படும்போது கையில் எடுத்துக்கொள்கிற சாப்பாட்டுக்கும் சில்லறைக்கும் அதே வார்த்தைதான். நாம் கட்டுச்சோறு என்கிறோமே, அதுதான். 325-ம் வருஷத்தில் நிசேயா நகரில் கூடிய மேற்றிராணிமார்களின் சங்கம், சாகப்போகிறவன் எத்தனை பெரிய குற்றம் செய்து விலக்கி வைக்கப்பட்டவனாக இருந்தாலும் இந்தக் கட்டுச்சோற்றை மறுக்கக் கூடாது என்று தீர்மானம் செய்தது. அந்தத் தீர்மானத்துக்கு எழுபது எழுபத்தைந்து வருஷங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவம் என் மனசைவிட்டுப் போக மறுக்கிறது.

எகிப்தில் அலெக்சாந்திரியா பட்டணம். தேசியஸ் சக்கரவர்த்தி 250-ல் எல்லாரும் ரோமாபுரித் தெய்வங்களுக்குப் பலி இட வேண்டும் என்று நிர்ப்பந்தம் செய்தான். பயந்து பலியிட்ட கிறிஸ்தவர்களில் செராப்பியோன் என்ற கிழவரும் ஒருவர். பிறகு மனம் நொந்து, தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி எத்தனையோ தடவை மன்றாடினார். யாரும் காது கொடுக்கவில்லை. வியாதியில் விழுந்து மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்தார். நாலாம் நாள் கொஞ்சம் தெளிவு வந்தது. மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, ஓடிப் போய்க் குருவை அழைத்து வா என்று அனுப்பினார். பையன் ஓடினான். அப்போது ராத்திரி. குருவோ தாமும் வியாதியாய்ப் படுத்திருந்தார். எழுந்து வர முடியவில்லை. அதற்காக அவர் பையனைத் திருப்பி அனுப்பிவிடவில்லை. அப்பத்தில் ஒரு சிறு துண்டை அவன் கையில் கொடுத்து, இதைத் தண்ணீரில் நனைத்துத் தாத்தாவின் வாயில் சொட்டு சொட்டாக விடு என்று சொல்லி அனுப்பினார். பையன் வீட்டை நெருங்கும்போதே கிழவர் கண் விழித்து, குருவால் வர முடியவில்லையாக்கும், பரவாயில்லை, அவர் சொன்னபடி நீ சீக்கிரம் செய், என்னைப் போகவிடு என்றாராம். பையன் நனைத்து விட்டான். கிழவர் விழுங்கினார். மூச்சு நின்றது.

இதை அந்தப் பட்டணத்து மேற்றிராணியார் தியோனிசியுஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்; யூசேபியுஸ் என்ற பழைய சரித்திர ஆசிரியர் அதைத் தம் நூலில் சேர்த்து வைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது. மேற்றிராணியாருக்கு இதில் தேவ அநுக்கிரகம் தெரிந்தது. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கோ அந்தப் பையன்தான் தெரிகிறான். இருட்டு, கையில் ஒரு ரொட்டித் துண்டு, கீழே விழுந்துவிடுமோ என்ற பயம், தாத்தா அதற்குள் போய்விடுவாரோ என்ற இன்னொரு பயம். வியாதிக்காரர் வீட்டுக்குச் சாமான் எடுத்துப் போனவர்களில் இவ்வளவு குறைவாக எடுத்துப் போனவர்களும் இல்லை. இவ்வளவு அவசரமாக ஒருவர் எதிர்பார்த்திருந்ததும் இல்லை.

இனி 1617-க்கு வருவோம்.

வின்சென்ட் தெ பவுல் 1581-ல் பிரான்சின் தென்மேற்குக் கோடியில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தவர். சிறு வயதில் ஆடு மாடு மேய்த்தார். பிள்ளை கெட்டிக்காரன் என்று கண்டு தகப்பனார் கஷ்டப்பட்டுப் பக்கத்து ஊரில் படிக்க வைத்தார். ஒரு நாள் தகப்பனார் பள்ளிக்கூடத்துக்கு மகனைப் பார்க்க வந்தார். அழுக்குத் துணி, கால் கொஞ்சம் விந்தி விந்தி நடப்பவர். மகனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்து பேச மாட்டேன் என்று இருந்துவிட்டான். இதைப் பிறர் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பெரிய மனிதரான பிறகு, முதிர்ந்த வயதில், அவரே வாய்விட்டுச் சொல்லி வருந்தினார். இருபது வயது ஆகுமுன்பே, 1600-ல், குருப்பட்டம் பெற்றார். ஏதோ ஒரு நல்ல மானியம் கிடைத்தால் தாயாருக்கு உதவியாக இருந்துகொண்டு சௌக்கியமாகக் காலந்தள்ளலாம் என்பதுதான் அப்போது அவருடைய லட்சியம். 1610-ல் தாயாருக்கு எழுதிய கடிதத்திலும் அந்த நினைப்புத்தான் இருக்கிறது. பிறவியிலேயே மகானாக வந்தவர்களின் ஜீவிய சரித்திரம் எனக்கு அவ்வளவாக ரசிப்பதில்லை. இவர் அப்படி வந்தவரில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

பாரிஸில் கோந்தி என்ற பிரபு வீட்டில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்துவந்தவர், அந்தச் சொகுசு பிடிக்காமல், 1617-ல் லியோன் நகரத்துக்கு வடக்கே இருந்த ஷாத்தியோன் என்ற சிற்றூரின் பங்குக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மொத்தம் சில மாதங்களே இருந்தார். ஆனால் ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று அந்தச் சில மாதங்களுக்குள் அகப்பட்டுக்கொண்டது.

பூசைக்கு உடுப்புத் தரித்துக்கொண்டிருக்கிறார். ஓர் அம்மாள் வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் ஒருவர் பாக்கியில்லாமல் வியாதியில் விழுந்து கிடக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட ஆளில்லை என்று சொன்னாள். வின்சென்ட் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். நன்றாகவே சொல்லியிருக்க வேண்டும். சாயங்கால ஜபத்துக்குப் பிறகு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாமும் புறப்பட்டார். வழியெல்லாம் பெண்கள். முன்னே சிலர் போய்க்கொண்டிருக்கிறார்கள். சிலர் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். வெயில் தாங்காமல் இன்னும் சிலர் ஓரத்தில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள். தேர்த்திருவிழாச் சுற்றுப்பிரகாரம் போல இருந்தது. ரொட்டியும் இறைச்சியும் மற்றதும் அந்த ஒரு வீட்டை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. அங்கே போய் வியாதியஸ்தர்களைப் பார்த்துவிட்டு, உயிருக்கு மோசமான நிலையில் இருந்தவர்களுக்குத் தேவநற்கருணையையும் எடுத்து வந்து கொடுத்தார்.

வேறு ஒரு குருவாக இருந்தால் அன்றிரவு, தம் பிரசங்கம் பலித்தது என்று சந்தோஷமாகத் தூங்கியிருப்பார். வின்சென்டுக்குத் தோன்றிய எண்ணம் வேறு. இவ்வளவு சாமானும் இன்றைக்கே வந்துவிட்டதே, இதில் பாதி கெட்டுப் போகுமே, நாளை மறுநாள் அந்த ஜனங்கள் பழையபடிதானே கிடப்பார்கள் என்று யோசித்தார். தர்மம் இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்று கண்டார். இதைப் பல வருஷங்கள் கழித்துத் தம்மிடம் பணி செய்த சகோதரிகளிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

பெரும்பாலும் நாம் தர்ம குணம் குறைந்துவிட்டது என்றுதான் புலம்புகிறோம். தர்மம் ஒரே நாளில் பொங்கி வழிந்து வீணாவதைப் பார்த்துக் கவலைப்பட்ட மனிதர் அபூர்வம். மூன்றாம் நாளே, ஆகஸ்டு 23-ந் தேதி, ஊர்ப் பெண்கள் சிலரைக் கூட்டி வைத்து ஏற்பாடு ஒன்றைச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒருவர் சமைத்து எடுத்துப் போவது, மறுநாள் அடுத்தவர். சில மாதம் நடத்திப் பார்த்து, அநுபவத்தில் கண்டதை விதிகளாக எழுதி, லியோன் மேற்றிராசனத்தின் சம்மதத்துக்கு அனுப்பினார். நவம்பர் மாதத்தில் சம்மதம் வந்தது. டிசம்பர் 8-ந் தேதி சபை முறைப்படி ஸ்தாபிதமாயிற்று. அந்த மாதக் கடைசிக்குள் வின்சென்ட் பாரிஸுக்குத் திரும்பிவிட்டார். எழுதின காகிதம் ஷாத்தியோனில் தங்கிற்று.

அந்த விதிகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் ஏற்பட்டது ஆச்சரியம். சபை விதிகள் என்றால் தலைவர், காரியதரிசி, கோரம் என்று இருக்குமே, அவையும் இதில் உண்டு. சபைக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம், குழப்பம் வரும் என்கிறது. புருஷன் சம்மதம், பெற்றோர் சம்மதம் பெற்றே ஸ்திரீகள் சேர வேண்டும் என்கிறது. பணக் கணக்குக்கு ஒரு பொக்கிஷக்காரி. அங்கத்தினருக்குப் பெயர் 'ஏழைகளின் ஊழியக்காரிகள்'. இதெல்லாம் எந்தச் சபையிலும் எழுதுவதுதான். ஆனால் நடுவில் ஓரிடத்தில் எழுத்து திடீரென்று வியாதிக்காரரின் அறைக்குள் நுழைந்துவிடுகிறது.

புதிதாக ஒரு வியாதியஸ்தரை ஏற்றுக்கொண்டால் முதலில் என்ன எடுத்துப் போக வேண்டும்? தேவையிருந்தால் ஒரு வெள்ளைச் சட்டை. படுத்தபடியே பார்க்கும்படியாக வைக்க ஒரு பாடுபட்ட சுரூபம். அப்புறம் வீட்டில் இல்லாத தட்டுமுட்டுகள்: படுக்கையின் மேல் வைக்கிற சிறு பலகை, ஒரு துடைப்புத் துணி, குடிக்கக் கிண்ணம், சூப்புக்கு ஒரு பாத்திரம், ஒரு சின்னத் தட்டு, கரண்டி. ஏழை வீட்டில் தட்டும் கரண்டியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் எடுத்துப் போகிறவன் அந்த வீட்டாரை வெட்கப்பட வைப்பான் என்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது. தகப்பனாரின் அழுக்குத் துணியைக் கண்டு வெட்கப்பட்ட பையனுக்கு இது தெரியாமல் யாருக்குத் தெரியும்?

சாமானை எடுத்துப் போனதோடு விதி நிற்கவில்லை. உள்ளே நுழையும்போது முகமலர்ச்சியோடு அன்பாகக் கும்பிட வேண்டும். பலகையைப் படுக்கையின் மேல் வைத்து, அதன்மேல் துணியை விரித்து, கிண்ணமும் கரண்டியும் ரொட்டியும் எடுத்து வைக்க வேண்டும். வியாதியஸ்தருடைய கையைக் கழுவி விட வேண்டும். அப்புறம் சாப்பாட்டு ஜபம். சூப்பைப் பாத்திரத்தில் ஊற்றி, இறைச்சியைத் தட்டில் வைத்து, சாப்பிடுங்கள் என்று உபசாரம் செய்ய வேண்டும். முடியாதவர்களுக்கு இறைச்சியை வெட்டிக் கொடுக்க வேண்டும். குடிக்க ஊற்றிக் கொடுக்க வேண்டும். மனம் சோர்ந்திருந்தால் இரண்டு வார்த்தை சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்க வேண்டும். பெற்ற பிள்ளைக்குச் செய்வது போல இதையெல்லாம் செய்ய வேண்டும் என்கிறார்.

கை கழுவி விடுகிற இடத்தில் நான் சற்று நின்றுவிட்டேன். 1617-ம் வருஷத்துப் பிரான்சு. அந்தஸ்து என்பது தொப்பியின் இறகு வரையில் அளந்து வைக்கப்பட்டிருந்த தேசம். அந்தத் தேசத்தில் ஊரிலே கௌரவமான வீட்டு எஜமானி ஒருத்தி, கூலிக்காரன் வீட்டுக்குள் குனிந்து போய், அவன் கையைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறாள். சூப்பை வாசலில் வைத்துவிட்டுப் போவதானால் இதற்கு அவசியமே இல்லை. கை கழுவியபின் அந்த மனிதன் பிச்சை வாங்கிச் சாப்பிடுகிறவனாக இல்லாமல் விருந்தாளியாகிவிடுகிறான். விதி எழுதினவர் இதை விளக்கிச் சொல்லவில்லை. கை கழுவு என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த காரியத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த காரியம் இன்னும் நுட்பமானது. ஒரே நாளில் நாலைந்து வீடு போக வேண்டியிருந்தால் எந்த வீட்டுக்கு முதலில் போவது? கூட யாராவது இருக்கிற வியாதியஸ்தரிடம் முதலில் போ; தனியாக இருக்கிறவரைக் கடைசிக்கு வைத்துக்கொள் என்கிறது விதி. யோசிக்காமல் கேட்டால் தலைகீழாகப் படும். திக்கற்றவனிடம்தானே முதலில் ஓட வேண்டும்? காரணத்தையும் இங்கே அவரே சொல்லிவிடுகிறார். கடைசி வீட்டுக்குப் பிறகு வேறு வீடு கிடையாது. அதனால் அங்கே அதிக நேரம் உட்கார்ந்திருக்கலாம். கூடையிலே எல்லாவற்றையும் வகைப்படுத்தி வைத்தவர், நேரத்தையும் ஒரு சாமானாக எடுத்து அதன் அடியில் வைத்திருக்கிறார்.

இதே மாதிரியில் பிற ஊர்களுக்கு எழுதிக் கொடுத்த விதிகளில் அளவுகளும் உண்டு. ரொட்டி வேண்டிய மட்டும். கன்றிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி ஐந்து அவுன்சு. நம் கணக்கில் ஏறக்குறைய 150 கிராம். ஒரு சூப்பு. பாரிஸ் அளவில் அரை 'செத்தியே' திராட்சை ரசம், அதாவது கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இறைச்சி விலக்கிய நாட்களில் இரண்டு முட்டை, சிறிது வெண்ணெய். கெட்டியாகச் சாப்பிட முடியாதவர்களுக்குக் கஞ்சி போன்ற இறைச்சிச் சாறும் புது முட்டையும் நாளைக்கு நாலு தடவை. சாகும் நிலையில் இருப்பவருக்குத் துணையில்லாவிட்டால் இரவு விழித்திருக்க ஓர் ஆள். செத்துப் போனால் கோடித் துணியும் குழி வெட்டும் கூலியும் சபையைச் சேர்ந்தது. ஊழியக்காரிகள், பிள்ளையைப் பறிகொடுத்த தாயாரைப் போல, அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று ஷாத்தியோன் விதி சொல்கிறது.

இந்தக் காகிதத்தில் எனக்கு ஒவ்வாத அம்சமும் ஒன்று இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட வியாதியஸ்தர் முதலில் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்க ஆயத்தமாக வேண்டும். சூப்புக்கு முன்னால் அது. வயிறு காய்கிறவனிடம் ஆத்துமத்தைப் பற்றி முதலில் கேட்பது நியாயமா என்று இக்காலத்து வாசகர் கேட்பார், நானும் கேட்கிறேன். அந்தக் காலத்து மனிதர்களுக்கு இரண்டும் ஒரே கூடையில் இருந்தன. பாவத்தோடு சாக விட்டுவிட்டு வயிற்றுக்கு மட்டும் போடுவதை அவர்கள்தான் கொடுமை என்று சொல்லியிருப்பார்கள். செராப்பியோன் கிழவர் மூன்று நாள் மயக்கத்திலிருந்து விழித்ததும் கேட்டது சூப்பு இல்லையே. இருந்தாலும், கேட்டுப் பெற்றவர் கிழவர். ஷாத்தியோன் ஏழைக்கு அது நிபந்தனை. வித்தியாசம் வித்தியாசந்தான்.

சபை ஊர் ஊராகப் பரவிற்று. 1620-களின் கடைசியில் பாரிஸுக்கும் போய்ச் சேர்ந்தபோது ஒரு தொல்லை முளைத்தது. ஷாத்தியோன் பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே தூக்கிப் போனார்கள். பாரிஸில் சேர்ந்தவர்களோ பிரபு வீட்டுச் சீமாட்டிகள். பணம் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆனால் சூப்புப் பானையைத் தெருவில் தூக்கிக்கொண்டு, நாலு மாடி இருட்டுப் படிக்கட்டு ஏறுவதென்றால்? வேலைக்காரிகளை அனுப்பினார்கள். சம்பளத்துக்குப் போகிறவள் பலகையை விரித்துக் கையைக் கழுவி இரண்டு வார்த்தை சிரித்துப் பேசுவாளா? பானை போயிற்று, விதியின் மற்ற பாகம் எல்லாம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் சுரேன் என்ற கிராமத்திலிருந்து மார்கரித் நசோ என்ற பெண் வந்து சேர்ந்தாள். மாடு மேய்த்த பெண். பள்ளிக்கூடம் போனதில்லை. ஓர் அரிச்சுவடியை வாங்கி வைத்துக்கொண்டு, மேய்ச்சல் தரையின் ஓரமாகப் போகிற வருகிறவர்களை நிறுத்தி, இது என்ன எழுத்து, இது என்ன வார்த்தை என்று கேட்டுக் கேட்டே படிக்கக் கற்றவள். பிறகு மற்றப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவள். சீமாட்டிகள் தூக்க மறுத்த பானையை அவள் தூக்கினாள். அவளைப் பார்த்து வேறு கிராமத்துப் பெண்களும் வந்தார்கள். கொள்ளை நோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தன் படுக்கையிலேயே இடம் கொடுத்து, அதே நோயில் 1633 ஆரம்பத்தில் செத்துப் போனாள். அந்த வருஷம் நவம்பர் 29-ந் தேதி, லூயிஸ் தெ மரியாக் என்ற விதவை தம் வீட்டில் அப்பெண்களில் சிலரைச் சேர்த்து வைத்துக்கொண்டு பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய 'தர்மத்தின் குமாரத்திகள்' சபை அதுதான். அது பிறப்பதற்கு ஒன்பது மாதத்துக்கு முன்பே செத்துப் போன மார்கரித்தைத்தான் அவர்கள் தங்கள் முதல் சகோதரி என்று இன்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள். கன்னியாஸ்திரீகள் என்றால் மதிற்சுவருக்குள் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்த காலத்தில், இவர்களைச் சுவருக்குள் அடைத்தால் பானையை யார் எடுத்துப் போவது என்பதற்காகவே, இது மடம் அல்ல, இவர்கள் கன்னியாஸ்திரீகளும் அல்ல என்று வின்சென்ட் கடைசிவரை சாதித்தார். ஒரு சூப்புப் பானைக்காகத் திருச்சபையின் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போன மனிதர்!

இருநூறு வருஷத்துக்குப் பிறகு அதே பாரிஸில், 1833 ஏப்ரல் 23-ந் தேதி, சில கல்லூரி மாணவர்கள் கூடி வின்சென்டின் பெயரால் ஒரு சபை தொடங்கினார்கள். அவர்களில் பிரெடெரிக் ஓசானாமுக்கு அன்றுதான் இருபது வயது பூர்த்தி. ஏழைகள் வீட்டுக்குப் போவது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது. மூஃப்தார் பேட்டையில் வெகு காலமாக ஊழியம் செய்துவந்த ரோசலி ரென்டு என்ற சகோதரி, விலாசங்களைக் கொடுத்து, எடுத்துப் போக ரொட்டிச் சீட்டுகளையும் கடனாகக் கொடுத்து அனுப்பினார். சட்டைப் பையில் மடித்து வைக்கிற சீட்டு. கடையில் கொடுத்தால் ரொட்டி. பானையைவிடச் சௌகரியம், சூடு ஆறாது, சிந்தாது. வாங்குகிறவனும் தனக்கு வேண்டிய நேரத்தில் போய் வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் சீட்டைக் கொடுத்தவன் உடனே எழுந்து போய்விடலாம் என்பதும் அதில் உள்ள ஒரு சௌகரியந்தான். அந்த அம்மையார் மாணவர்களுக்கு அதையும் எச்சரித்தே அனுப்பியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்தச் சபை தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பங்குகளிலும் இருக்கிறது.

வின்சென்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்று பாக்கி இருக்கிறது. 1660-ம் வருஷம் வின்சென்டுக்கு எழுபத்தொன்பது வயது. கால் இரண்டிலும் புண் வைத்து, நடக்க முடியாமல், சான் லசார் மடத்தில் அடைபட்டுக் கிடந்தார். பிறர் வந்து பார்க்க வேண்டிய வியாதியஸ்தர் இப்போது அவரே. தெருவுக்கு எதிர்ப்பக்கம் சகோதரிகளின் வீடு. அங்கே பிப்ரவரி மாதத்திலிருந்து லூயிஸ் தெ மரியாக் சாகக் கிடந்தார். முப்பத்தைந்து வருஷ காலம் இருவரும் சேர்ந்து உழைத்தவர்கள். ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நடுவில் இருந்தது ஒரு தெரு. அவரால் கடந்து வர முடியாது. அம்மையார் அதைத் தெரிந்துகொண்டு, வர வேண்டாம், உங்கள் கையால் ஆறுதலாக ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும் என்று கேட்டனுப்பினார்.

வின்சென்ட் எழுதவில்லை. ஒரு குருவை அனுப்பி, நீங்கள் முன்னால் போகிறீர்கள், சீக்கிரத்தில் பரலோகத்தில் சந்திப்போம் என்று வாயால் சொல்லச் செய்தார். கடைசிப் பற்றையும் அறுக்கட்டும் என்பதற்காக அப்படிச் செய்தார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். அவர்களுக்குள் இருந்த நியாயம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கரண்டியைக்கூட மறக்காமல் எழுதி வைத்தவர், தனியாக இருப்பவரிடம் அதிக நேரம் இரு என்று சொன்னவர், கேட்டு அனுப்பிய ஒரு வரியை மறுத்தார் என்பதை என்னால் சுலபமாக ஜீரணிக்க முடியவில்லை. படுக்கையில் கிடந்த அலெக்சாந்திரியா குரு ஒரு துண்டு அப்பமாவது கொடுத்து அனுப்பினாரே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

லூயிஸ் தெ மரியாக் மார்ச்சு 15-ந் தேதி காலமானார். வின்சென்ட் சொன்னபடி சீக்கிரமாகவே போனார். செப்டம்பர் 27-ந் தேதி விடியற்காலையில், படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே.